'க்'கை விழுங்க வேண்டாம்: ஆங்கில இலக்கியம் படிக்க வந்த தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இந்த ஆண்டு பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேட்ட பாடம் கிடைக்காமல் இங்கே வந்தவர்கள் இருப்பீர்கள். இங்கிலீஷ் படித்தால் எங்கேயாவது வேலை கிடைக்கும் என்று மாமாவோ சித்தப்பாவோ சொல்லி வந்தவர்களும் இருப்பீர்கள். எப்படி வந்திருந்தாலும் சரி. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். இன்று அதே பாடத்தை நடத்துகிறேன்.

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' முன்னுரையை ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். என் முறையில் 'நைட்' என்ற சொல் வந்தது. குதிரைவீரன் என்று பொருள். ஆங்கிலத்தில் எழுதும்போது அதற்கு முதலெழுத்து 'கே'. எழுதியிருப்பதை அப்படியே வாய்விட்டுச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த வாசிப்பு. தமிழ் அப்படித்தான் பழக்கியிருந்தது. 'க்னிக்ட்' என்றேன். வகுப்பே சிரித்தது. 'கே சைலன்ட்' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். அந்த வருடம் முழுக்க வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை.

எம்.ஏ.வுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, சாசரும் அந்தச் சொல்லை ஏறக்குறைய அப்படித்தான் உச்சரித்தார் என்று. 14-ஆம் நூற்றாண்டு லண்டனில் அந்த 'க்' நன்றாகவே கேட்டது. இன்று ஊமையாக நிற்கும் 'ஜி-எச்' அன்று நாக்கு அண்ணத்தை நெருங்கும்போது உரசி வரும் காற்றொலி. 'க்னிஹ்ட்' என்று தோராயமாக எழுதலாம். இன்றைய 'நேம்' அன்று 'நாம'. 'டைம்' அன்று 'டீம'. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலேயரின் நாவில் நெடில் உயிர்கள் எல்லாம் இடம் மாறிப்போயின. அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதே, 1476-இல், வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகிவிட்டது. பேச்சு மட்டும் நிற்காமல் மாறிக்கொண்டே போனது. ஸ்பெல்லிங் உங்களைப் படுத்துவதற்கு இதுதான் பெரிய காரணம். அந்த ஊமை எழுத்துகளில் பல, ஒரு காலத்தில் பேசிக்கொண்டிருந்தவை.

இதை முதல் வாரமே ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் உங்களிடம் முதலில் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் அதன் சொந்த நாட்டிலேயே மதிப்பில்லாமல் கிடந்த மொழி. 1066-இல் நார்மன்கள் வென்றபின் முந்நூறு ஆண்டுகளுக்கு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுதான். கோயிலுக்கும் படிப்புக்கும் லத்தீன். உழுபவனுக்கும் நெய்பவனுக்கும்தான் ஆங்கிலம். வழக்காட வருகிறவர்களுக்குப் பிரெஞ்சு புரியவில்லை, இனி வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று 1362-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள். சாசரின் நண்பர் ஜான் கவர் ஒன்றுக்கு மூன்றாக பிரெஞ்சு, லத்தீன், ஆங்கிலம் மூன்றிலும் ஒவ்வொரு பெருநூல் எழுதிவைத்தார்; எது நிலைக்கும் என்று அன்றைக்கு யாரால் சொல்ல முடிந்திருக்கும்? சதர்க் பேராலயத்தில் உள்ள அவருடைய கல்லறைச் சிலை அந்த மூன்று புத்தகங்களின் மேல் தலைவைத்துப் படுத்திருக்கிறது. ஒயின் வியாபாரியின் மகனான சாசர், லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்க அதிகாரியாக இருந்தவர், தெருவில் பேசிய மொழியில்தான் எழுதினார். பேசுகிற மொழி கீழானது என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிய கதையாக இருக்காது.

கைடைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் விற்கும் கைடை வாங்கிப் படித்துத்தான் நானும் பாஸானேன். அதை வாங்குகிற யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் என்ன இல்லை என்று ஒரே ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன்.

சாசரின் யாத்ரீகர்கள் சதர்க்கில் டபார்ட் என்ற விடுதியில் கூடுகிறார்கள். 1170-இல் கொலையுண்ட தாமஸ் பெக்கட்டின் சமாதிக்குப் போகும் கூட்டம். அதில் பாத் நகருக்கு அருகிலிருந்து வந்த ஆலிசன் என்ற பெண்மணி இருக்கிறாள். துணி நெய்வதில் கெட்டிக்காரி. சிவப்புக் காலுறை, அகலமான தொப்பி, இடைவெளி விட்ட பற்கள். ஜெருசலேமுக்கு மூன்று முறை போய்வந்தவள். ஐந்து கணவர்கள். காது கொஞ்சம் மந்தம். கைடில் இவ்வளவும் இருக்கும்; கீழே 'இடைக்காலப் பெண் மீதான அங்கதம்' என்று ஒரு வரியும் இருக்கும். பத்து மார்க்குக்கு அது போதும்.

காது ஏன் மந்தம்? பாடத்தில் வைத்திருக்கும் பொது முன்னுரையில் அதற்குப் பதில் இல்லை. பல ஆயிரம் வரிகள் தள்ளி அவளே பேசத் தொடங்கும் இடத்தில்தான் இருக்கிறது. அவள் சொல்லும் கதையைவிட அவள் தன்னைப் பற்றிப் பேசும் பேச்சு இரண்டு மடங்கு நீளம். ஐந்தாவது கணவன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த இளைஞன். அவனிடம் ஒரு புத்தகம். உலகத்தில் உள்ள கெட்ட மனைவிகளின் கதைகளையெல்லாம் ஒன்றாகக் கட்டிய புத்தகம். தினமும் இரவு அதை எடுத்துவைத்துச் சிரித்துச் சிரித்து அவளுக்கு வாசித்துக் காட்டுகிறான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் மூன்று தாள்களைக் கிழித்து, அவன் கன்னத்தில் குத்துகிறாள். அவன் தலையில் ஓங்கி அடிக்கிறான். அன்று போனது அந்தக் காது. எழுதுகிற இடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தால் ஆண்களின் கெட்ட கதைகள் எத்தனை வந்திருக்கும் என்று அவள் கேட்கிறாள். 600 வருடத்துக்கு முன்னால் ஓர் ஆண் எழுதிய கவிதைக்குள் ஒரு பெண் எழுந்து நின்று இதைக் கேட்கிறாள். ஒரு புத்தகத்தால் காது போன பெண்ணை 'அங்கதம்' என்ற ஒரு சொல்லில் கைடு முடித்துவிடுகிறது. என் மாணவிகளுக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டிய ஒவ்வொரு வருடமும் வகுப்பு அமைதியாகிவிடும். கிழித்த தாள் யாருடைய வீட்டுத் தாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

வாசித்துக் காட்டிய என்று சொன்னேனே, அதுதான் நான் உங்களிடம் கேட்க வந்தது. இந்த இலக்கியத்தைக் காது வழியாகப் படியுங்கள். ஒரு பயிற்சி முறையாக மட்டும் இதைச் சொல்லவில்லை. இதில் பெரும்பகுதி காதுக்காகவே பிறந்தது.

சாசரின் காலத்திலேயே இங்கிலாந்தின் வடமேற்கு வட்டாரப் பேச்சில் ஒருவர் 'சர் கவைனும் பச்சை வீரனும்' எழுதினார். பெயர் தெரியாது. லண்டன்காரர்களுக்கே அந்தப் பேச்சு கடினம். ஆனால் உங்களிடம் ஒரு சாவி இருக்கிறது: மோனை. நம் செய்யுளில் சீரின் முதலெழுத்து ஒத்து வருவதுபோல, அந்தக் கவிதையில் ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் அழுத்தம் விழும் சொற்களில் பல ஒரே ஒலியில் தொடங்கும். ஆங்கிலப் பள்ளிகளில் படித்துவரும் பிள்ளைகள் 'அலிட்டரேஷன்' என்று மனப்பாடம் செய்யும் விஷயத்தை நீங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்ப் பாடத்தில் எதுகை மோனை என்று எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். வாய்விட்டு இரண்டு பத்தி வாசித்தால் அர்த்தம் பாதி புரியும்போதே கதையில் வரும் கோடாரி விழும் ஓசை கேட்கும். இந்தக் கவிதைக்கு உலகத்தில் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் இருக்கிறது. ராபர்ட் காட்டன் என்பவர் சேர்த்துவைத்த நூலகத்தில் அது இருந்தது. 1731-இல் அந்த நூலகம் தீப்பிடித்தது. அதே சேகரிப்பில் இருந்த, 'பேயோவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியப் பிரதியின் ஓரங்கள் கருகின, கவைன் தப்பித்தான். முதன்முதலில் அச்சேறியது 1839-இல். நானூறுக்கு மேற்பட்ட வருடங்கள் ஒற்றை ஏட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த கவிதை. நம் ஏடுகளின் கதை தெரிந்தவர்கள் ஒரு நிமிடம் நிற்காமல் இதைக் கடந்துபோக மாட்டார்கள்.

வாயால் சொல்லியே பிறந்த நூல்களும் உண்டு. மார்ஜரி கெம்ப் என்று லின் நகரத்துப் பெண் ஒருத்தி. பதினான்கு பிள்ளைகள் பெற்றவள், பீர் காய்ச்சும் தொழில் நடத்தி நொடித்தவள். எழுதத் தெரியாது. தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்லப் பிறரை எழுதவைத்தாள். ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் தன்வரலாறு என்று அதைத்தான் பலரும் சொல்கிறார்கள். அந்தப் பிரதி 1934-இல்தான் ஒரு வீட்டு அலமாரியிலிருந்து வெளியே வந்தது. மில்டனோ கேம்பிரிட்ஜில் படித்த பெரும் அறிஞர். ஆனாலும் 1652-க்குள் பார்வை முழுவதும் போய்விட, 'இழந்த சொர்க்கம்' முழுவதையும் வாயால் சொல்லி எழுதவைத்தார். இரவில் மனத்தில் கட்டிய வரிகளைக் காலையில் யாராவது வந்து எழுதிக்கொள்ளும்வரை சுமந்துகொண்டிருப்பாராம். 1667-இல் அந்தக் காவியத்துக்கு முதலில் அவர் கைக்கு வந்த தொகை ஐந்து பவுண்டு.

ஷேக்ஸ்பியரைப் பற்றி மூன்று வருடமும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1592-இல் ராபர்ட் கிரீன் என்ற பல்கலைக்கழகப் பட்டதாரி பெயரில் வெளியான ஒரு சிறுநூல், வெறும் நடிகன் ஒருவன் எங்களைப் போல எழுதக் கிளம்பிவிட்டான் என்று அவரை இளக்காரம் செய்தது. பின்வரிசைச் சிரிப்பு அவருக்கும் கேட்டிருக்கிறது.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 18-ஆம் நூற்றாண்டையும் இப்போதைக்குத் தாண்டிவிடலாம். அந்தக் காலத்துக் கவிஞர்களான போப்பும் டிரைடனும் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் பிடிக்கத் தொடங்கினார்கள், உங்களுக்கும் அவசரமில்லை. ஜேன் ஆஸ்டனுக்கு வருவோம். 1813 ஜனவரியில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' அச்சாகி சாட்டன் கிராமத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அட்டையிலும் உள்ளேயும் ஆசிரியர் பெயர் கிடையாது. அவர் உயிரோடு இருந்தவரை எந்த நாவலிலும் பெயர் போடவில்லை. அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் வந்திருந்தார். எழுதியவள் எதிரில்தான் இருக்கிறாள் என்று தெரியாமலே அவர் கேட்டுக்கொண்டிருக்க, அம்மாவும் மகளும் அந்தப் புத்தகத்தை உரக்க வாசித்தார்கள். சில நாள் கழித்துத் தன் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், அம்மா ரொம்ப வேகமாக வாசிக்கிறாள், பாத்திரங்கள் பேச வேண்டியபடி பேசவைக்கத் தெரியவில்லை என்று ஜேன் வருத்தப்படுகிறார். அந்த நாவலை எப்படி வாசிக்க வேண்டும் என்று எழுதியவரே சொன்ன குறிப்பு இது. அதில் வரும் மிஸஸ் பென்னட்டுக்கு ஒரு குரல், அவள் கணவருக்கு வேறொரு குரல் கொடுத்து வாசித்துப் பாருங்கள். கண்ணால் படித்தபோது தெரியாத சிரிப்பு அப்போது வரும்.

டிக்கன்ஸ் காலத்துக்கு வந்தால் காது இன்னும் பெரிதாகிறது. 'டாம்பி அண்ட் சன்' 1846 முதல் 1848 வரை மாதம் ஒரு பகுதியாக வந்தது, பகுதி ஒரு ஷில்லிங். கூலிக்கு வீடு துடைக்கும் ஒரு பெண், படிக்கத் தெரியாதவள், அந்தக் கதை முழுவதையும் அறிந்துவைத்திருந்ததாக டிக்கன்ஸின் நண்பர் ஃபார்ஸ்டர் எழுதுகிறார். அவள் குடியிருந்தது ஒரு மூக்குப்பொடிக் கடையில். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அங்கே தேநீர் வைத்து, கடைக்காரர் அந்த மாதப் பகுதியை எல்லோருக்கும் வாசிப்பார். காசு கொடுத்தவர்களுக்குத் தேநீர், கதை எல்லோருக்கும். இத்தனையையும் எழுதியது ஒரே ஆள் என்று கேட்டபோது அவளால் நம்பமுடியவில்லை, மூன்று நான்கு பேராவது சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தாளாம். உங்கள் பாட்டி வீட்டில் பழைய பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த புத்தகம் இருந்தால், அதை எடுத்துத் தடவிப் பாருங்கள். விக்டோரியா காலத்து நாவல் அந்தப் புத்தகத்தின் நெருங்கிய உறவு. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஏன் கதவு தட்டப்படுகிறது, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஏன் ஒரே வழக்கச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், கேட்கிறவர்கள் ஒரு மாதம் கழித்தும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணூறு பக்கத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். யாரும் அதை ஒரே மூச்சில் படிக்கவில்லை.

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முப்பத்தாறு வாரம் வந்தது, 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை. நீங்களும் வாரம் ஒரு பகுதியாகவே படியுங்கள். ஒரு நாவலை மட்டும் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். காரணம் இருக்கிறது.

பிப் என்ற அநாதைப் பையனை அவன் அக்கா கணவர் ஜோ வளர்க்கிறார். ஜோ கொல்லர். பையனுக்கு எங்கிருந்தோ பணம் வருகிறது, லண்டனுக்குப் போய்க் கனவானாகிறான். ஒரு நாள் ஜோ அவனைப் பார்க்க வருகிறார். நல்ல உடுப்பு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார், அது அவருக்குப் பொருந்தவில்லை. தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணப்பு மேடையின் விளிம்பில் வைக்கிறார். அது விழுந்துகொண்டே இருக்கிறது. ஓடி ஓடிப் பிடிக்கிறார். தான் வளர்த்த பிள்ளையை 'சார்' என்று கூப்பிடுகிறார். பிப்புக்கு எரிச்சலாக இருக்கிறது, அவமானமாக இருக்கிறது. போகும்போது ஜோ, பட்டறையில் பார்த்தால் என்னிடம் இத்தனை குறை தெரியாது, இந்த உடுப்பில்தான் நான் தப்பாகத் தெரிகிறேன் என்ற பொருளில் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

'நீங்க காலேஜுக்கு வர வேண்டாம்ப்பா, பஸ் ஸ்டாண்டுலயே நில்லுங்க, நானே வந்து ஃபீஸ் பணத்த வாங்கிக்கிறேன்' என்று என் அப்பாவுக்குக் கடிதம் எழுதியவள் நான். அப்பாவும் அங்கேயே நின்றார், மூன்று வருடமும். இந்த அத்தியாயத்தை ஹாஸ்டல் மொட்டை மாடியில் தோழிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, தொப்பி இரண்டாவது முறை விழும் இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. டிக்கன்ஸுக்கு இது எங்கிருந்து தெரியும்? பன்னிரண்டு வயதில், அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருந்தபோது, தேம்ஸ் கரையில் ஒரு பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டி வாரம் ஆறு ஷில்லிங் வாங்கியவர் அவர். அதைத் தன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்துவைத்திருந்தார்.

உங்களில் சிலர் கேட்பீர்கள், நம்மை ஆண்டவர்களின் இலக்கியத்தை நாம் ஏன் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்று. கேட்க வேண்டிய கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு 1894-இல்தான் வந்தது, கேம்பிரிட்ஜில் 1917-இல். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் அதற்கு முன்பே மில்டனை எழுதித் தேறிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஆங்கிலக் கல்விக்கு 1835-இல் மெக்காலே போட்ட பாதை அது. நம்மீது அக்கறையால் போட்டதில்லை. எனவே கண்ணைத் திறந்துகொண்டே படியுங்கள். 'ஜேன் எயர்' நாவலில் மாடியறையில் பைத்தியம் என்று பூட்டிவைக்கப்பட்ட பெர்த்தா ஜமைக்காவிலிருந்து வந்தவள். அவளுக்கு அந்த நாவலில் நேரடியாக ஒரு பேச்சும் இல்லை. கரீபியன் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966-இல் 'வைட் சர்காசோ சீ' எழுதி அவளைப் பேசவைத்தார். எதிர்த்துப் பேச வேண்டுமானாலும் மூலத்தைப் படித்திருக்க வேண்டும், ரீஸ் படித்திருந்தார். கைடு படித்து யாரும் அப்படி ஒரு பதில் எழுத முடியாது.

கடைசியாகத் தாமஸ் ஹார்டி. கட்டடக் கொத்தனாரின் மகன், கல்லூரிக்குப் போகாதவர். அவர் 1895-இல் வெளியிட்ட 'ஜூட் தி அப்ஸ்க்யூர்' நாவலின் ஜூட் கல்தச்சன். ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டே லத்தீன் படிக்கிறான். ஆக்ஸ்ஃபோர்டை வைத்து எழுதிய கிறைஸ்ட்மின்ஸ்டர் நகரத்துக் கல்லூரிச் சுவர்களைப் பழுதுபார்க்கிறான். அந்தச் சுவருக்கு உள்ளே போக முடியவில்லை. கல்லூரித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதுகிறான். ஒரே ஒருவரிடமிருந்து பதில் வருகிறது: உன் தொழிலையே பார்த்துக்கொண்டிரு என்பதுதான் அதன் சாரம். இந்த நாவலைத் தீயில் போட்டதாக வேக்ஃபீல்ட் பிஷப் பத்திரிகையில் அறிவித்தார். அதன்பின் ஹார்டி புதிதாக ஒரு நாவலும் எழுதவில்லை, 1928-இல் இறக்கும்வரை கவிதைதான். ஜூடுக்குத் திறக்காத படிப்பு உங்களுக்குத் திறந்திருக்கிறது. வீட்டில் முதல் ஆளாக வாசல் தாண்டியிருப்பவர்களுக்கு அந்தக் கடிதம் வரும் பக்கம் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்படித் தொடங்குவது? நான்கைந்து பேர் சேருங்கள். மொட்டை மாடியோ, மரத்தடியோ போதும். பழைய நூல்கள் எல்லாம் காப்புரிமை முடிந்தவை, போனிலேயே இலவசமாகக் கிடைக்கும். சாசருக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகம் வரிக்கு வரி இன்றைய ஆங்கிலம் போட்டுவைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது வரி போதும். முதல் தடவை டிக்ஷனரியைத் தொடாதீர்கள், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். இரண்டாவது தடவை தெரியாத சொல்லுக்கு நிறுத்துங்கள். மூன்றாவது தடவை வேறொருவர் வாசிக்கட்டும். அர்த்தத்தைத் தமிழில் பேசிக்கொள்ளுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. முதலில் பொது முன்னுரை, அங்கிருந்து நேராக ஆலிசனின் பேச்சு. யாத்ரீகர்களில் முதலில் அறிமுகமாகிறவன் அந்தக் குதிரைவீரன்தான். அவன் வரும்போது 'க்'கை விழுங்காமல் வாசியுங்கள், யாராவது சிரித்தால் காக்ஸ்டனின் அச்சகத்திலிருந்து கதையைத் தொடங்கி அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெஞ்சில் முன்பு உட்கார்ந்திருந்த அக்கா